அறுபது முடிந்ததும் செக்ரோலில் பேர் வெட்டு: அதற்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

பெரட்டுக்களம்

இலங்கை மலையகத்தில் நம்முடைய தேயிலைத் தோட்டங்களில் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அறுபது நிறைந்த ஆளின் பேரைச் செக்ரோலில், அதாவது தோட்டத்தின் நாள்வேலைப் பதிவேட்டில் இருந்து வெட்டுகிறார்கள். அடுத்த வாரம் கொழுந்து கூடி மலைக்கு ஆள் காணாமல் போனதும் அதே ஆளைக் கைக்காசுக்கு, அதாவது பேர் பதியாமல் அன்றன்றைக்குக் காசு கொடுக்கும் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வெட்டும்போது "வயசாயிருச்சு, ஏலாது" என்பதுதான் காரணம். கூப்பிடும்போது அந்த வயசு யாருக்கும் ஞாபகம் வருவதில்லை. மலையும் அதேதான், கொழுந்து பறிக்கும் கையும் அதேதான். இல்லாமல் போவது சேமலாப நிதியும் (ஈ.பி.எப்) சேவைக்காலமும் முழுப்பேரும் (ஒரு முழு நாள் வேலைக்கான பதிவு). வயதுப் பாகுபாடு நம்மிடத்தில் இந்த உருவத்தில்தான் நடக்கிறது.

ஓய்வுக்கு முன்னால் என்ன செய்ய வேண்டும், பேர் வெட்டும் நாளில் என்ன கேட்டு வாங்க வேண்டும், பிறகு எங்கே போக வேண்டும்? தெரிந்தவர்கள் விவரமாக எழுதுங்கள். எந்தப் படிவம், எத்தனை நாள், எங்கே சிக்கும் என்பது வரை வேண்டும்.

சட்டக்கோவை

முதலில் அறுபது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 2021ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், அதாவது ஊழியர்களின் ஆகக்குறைந்த ஓய்வுபெறும் வயதுச் சட்டம், தனியார் துறையில் 60 வயதுக்கு முன்னால் வயதைக் காட்டி யாரையும் அனுப்பக் கூடாது என்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வயது. 15 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கு இது பொருந்தும் என்பதால் தோட்டங்கள் தப்ப முடியாது.

சட்டத்தின் பெயரிலேயே "ஆகக்குறைந்த" என்று இருக்கிறது. அறுபதுக்கு முன் அனுப்பாதே என்றுதான் அது சொல்கிறது. அறுபதில் அனுப்பியே தீர வேண்டும் என்று அதில் இல்லை. இரண்டுக்கும் உள்ள தூரத்தை எந்த ஆபிசிலும் தொழிலாளிக்கு விளக்குவதில்லை.

அடுத்த குழப்பம் ஈ.பி.எப் வயது. ஆண் 55, பெண் 50 என்று 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் வைத்திருப்பது ஓய்வுபெற்றுப் பணத்தைக் கோருவதற்கான வயது. 2021 சட்டம் அதை மாற்றவில்லை. ஆகவே ஐம்பது வயதுப் பெண்ணிடம் "ஒங்களுக்கு ஈ.பி.எப் வயசு வந்திருச்சு, எழுதிக் குடுத்திட்டுப் போங்க" என்று யாராவது சொன்னால், அது அவரிடம் இன்னும் மீதியிருக்கும் பத்து வருட வேலையைப் பிடுங்கும் பேச்சு. அந்த மாதிரிக் கடிதத்தில் கைநாட்டு வைக்க வேண்டாம். வைத்தால் அது "தானாக விலகினார்" என்று பதிவாகும். பிறகு தொழில் திணைக்களத்தில் முறையிட்டாலும் அந்தக் கடிதத்தைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

இன்னொன்று. அரசியலமைப்பின் 12(2) உறுப்புரை இனம், மதம், மொழி, சாதி, பால், அரசியல் கருத்து, பிறந்த இடம் என்று எண்ணிச் சொல்லிப் பாகுபாட்டைத் தடுக்கிறது. அந்த வரிசையில் வயது இல்லை. அதனால் வயதுப் பாகுபாடு என்று பொதுவாக வாதாடுவதை விட, ஓய்வு வயது, பணிக்கொடை, சேமலாப நிதி ஆகிய சட்டங்களைப் பிடித்துக்கொண்டு போவதே நடைமுறையில் பலன் தரும்.

தலவாக்கலை நிலா

அண்ணே, அறுபது முடிந்து கைக்காசுக்குப் போகிறவர்களுக்கு ஈ.பி.எப் கட்ட வேண்டுமா? "பென்சன்காரருக்கு அதெல்லாம் இல்ல" என்றுதான் கணக்கப்பிள்ளைமார் சொல்கிறார்கள்.

சட்டக்கோவை

கட்டத்தான் வேண்டும் தங்கச்சி. கைக்காசு, தற்காலிகம், நாட்கூலி என்று எந்தப் பெயரில் வைத்திருந்தாலும் சேமலாப நிதி உண்டு. மேல் வயதெல்லை என்று ஒன்று அதில் கிடையாது. பழைய கணக்கை மூடிப் பணம் எடுத்திருந்தால் புதிய அங்கத்தவர் இலக்கத்தில் திரும்பப் பதிய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டாமல் விட்டால் யாருக்கு எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். 2024இல் தீர்மானித்த 1350 ரூபாய் நாட்சம்பளத்தில் மாதம் 20 பேர், அதாவது 20 நாள் வேலை என்று வைத்தால் 27,000 ரூபாய். தொழிலாளியின் 8 சதவீதம் 2,160. தோட்டம் போட வேண்டிய 12 சதவீதம் 3,240. ஈ.ரி.எப்புக்கு (ஊழியர் நம்பிக்கை நிதியம்) தோட்டம் தனியாகப் போட வேண்டிய 3 சதவீதம் 810. தோட்டத்தின் பங்கு மட்டும் மாதம் 4,050, வருடத்துக்கு 48,600 ரூபாய். ஒரு வயதான ஆளைப் பதியாமல் வேலை வாங்குவதன் விலை அது.

ஆகக்குறைந்த சம்பளமும் அப்படியே. தேயிலைத் தொழிலுக்கான சம்பளச் சபை தீர்மானிக்கும் தொகையில் "60க்கு மேற்பட்டோருக்குக் குறைவு" என்று ஒரு வரி கிடையாது.

மடுவம்

சட்டம் பேசுகிறவர்கள் விட்டுவிடும் ஒன்றைச் சொல்கிறேன். அறுபதுக்கு முன்னாலேயே பாகுபாடு தொடங்கிவிடுகிறது, அது தராசில் தொடங்குகிறது.

நாளைக்கு இத்தனை கிலோ என்று நிறை வைத்திருக்கிறார்கள். எடுக்காவிட்டால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம். எல்லோருக்கும் ஒரே கிலோ என்றால் கேட்பதற்கு நியாயமாகத்தான் தெரியும். ஐம்பத்தைந்து வயதுப் பெண்ணின் கை கொழுந்தில் பிந்துவதில்லை. இரண்டு இலையும் மொட்டும் பார்த்துக் கிள்ளுவதில் இளையவர்களை விட அந்தக் கைதான் சுத்தம். நேரம் போவது காலில். சரிவான மலையில் ஏறி இறங்குவதிலும், நிறைந்த கூடையைத் தலைக்கயிற்றில் தொங்கவிட்டு மடுவத்துக்கு (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) நடப்பதிலும் போகிறது. முழங்கால் தேய்ந்த ஆளுக்கு அந்த நடைதான் அரைப்பேர் ஆகிறது.

இதற்கு மருந்து தோட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. நிரை (ஒவ்வொருவரும் பறிக்க வேண்டிய செடிவரிசை) பிரிக்கும்போது வயதானவர்களுக்கு ரோட்டோர மலையும் கீழ்நிரையும் கொடுக்கலாம். நிறுக்கும் இடத்தை மலைக்கே கொண்டு வரலாம். கூடை கனக்கும் முன்னே ஒரு நிறுவை கூடுதலாக வைக்கலாம், நிறுத்த கொழுந்தைச் சுமக்க ஆம்பிளையாட்களைப் போடலாம். மழை நாளில் ஈரத்துக்கென்று கழிக்கும் கிலோவை உரக்கச் சொல்லித் துண்டில் எழுத வேண்டும். இதற்கெல்லாம் காசு செலவு பெரிதாக இல்லை. கங்காணிக்கு மனமும் தோட்டத் துரையின் உத்தரவும் இருந்தால் போதும்.

தவறணை (தேயிலை நாற்றுமேடை) வேலையையும் சேர்க்க வேண்டும். பைக்கு மண் சலித்து நிரப்புவது, தாய்ச்செடியில் எடுத்த கிளையை ஒற்றை இலைத் துண்டாக வெட்டுவது, நட்ட துண்டுக்கு நிழலும் ஈரமும் பார்ப்பது, எல்லாம் ஓரிடத்தில் நின்றோ உட்கார்ந்தோ செய்கிற வேலை. வெட்டுவாய் நசுங்கினாலோ, இலைக்கக்கத்து மொட்டில் கத்தி பட்டாலோ துண்டு பிடிக்காது. அனுபவக் கை தேவைப்படும் இந்த இடத்தில் பல தோட்டங்கள் புதுப் பொடியன்களைப் போட்டுவிட்டுச் செடி சாகிறது என்று கவலைப்படுகின்றன.

ஊவாக் காற்று

மடுவம் அண்ணன் சொல்வது சரி. ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறது. இளசுகள் தோட்டத்தில் நிற்காமல் கொழும்புக்குப் போகிறார்கள். லேசான வேலை எல்லாம் வயதானவர்களுக்கு என்றால், இருக்கிற நாலு இளம் பெண்களின் முதுகில்தான் மேல்மலை முழுக்க விழும். அவர்களும் போய்விடுவார்கள்.

மடுவம்

அது உண்மையான கவலைதான் தம்பி. ஆனால் இளசுகள் போவது கீழ்நிரை கிடைக்காததால் இல்லை. சம்பளம் காணாது, தோட்டத்து வேலைக்கு மதிப்பில்லை என்பதால் போகிறார்கள். முப்பது வருடம் உழைத்தவரைக் கடைசியில் எப்படி அனுப்புகிறார்கள் என்று லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருக்கிற ஒவ்வொரு பிள்ளையும் பார்த்துக்கொண்டுதான் வளருகிறது.

கடதாசிக்கட்டு

இனி நான் எழுதுவதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள். மலையகத்தில் வயதானவர்கள் பணத்தை இழப்பது பெரும்பாலும் சட்டம் இல்லாததால் அல்ல. கடதாசிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால்.

செக்ரோலில் மாரியாயி, அடையாள அட்டையில் மாரியம்மா, பிறப்புச் சான்றிதழில் மாரியாய், வங்கிப் புத்தகத்தில் எம். மாரியம்மாள். நான்கும் ஒரே ஆள் என்று லயமே அறியும். ஈ.பி.எப் கணக்குக்கு அது நான்கு ஆள். பதிகிறவர் சிங்களத்தில் எழுதி, அதை இன்னொருவர் ஆங்கிலத்துக்கு மாற்றி, பிறகு வேறொருவர் தமிழில் எழுதும்போது பேர் இப்படித்தான் சிதறுகிறது. 

ஐம்பத்தைந்து வயதுக்குள் செய்து முடிக்க வேண்டியது இது. அடையாள அட்டையில் உள்ளபடி பேரையும் இலக்கத்தையும் ஒரு தாளில் எழுதி, தோட்ட ஆபிசில் ஈ.பி.எப் பதிவில் எப்படி இருக்கிறது என்று ஒத்துப் பாருங்கள். அங்கத்தவர்களுக்கு மத்திய வங்கி அனுப்பும் கணக்குக்கூற்றை ஆபிஸ் பெட்டியிலேயே தூங்க விடாதீர்கள், கேட்டு வாங்குங்கள். ஓர் எழுத்து வேறுபட்டாலும் தோட்டத்தின் மூலமே திருத்தக் கடிதம் போக வேண்டும். பெரிய வேறுபாடு என்றால் சமாதான நீதவான் முன்னால் சத்தியக் கடதாசி, அதோடு கிராம உத்தியோகத்தரின் "இரு பேரும் ஒருவரே" என்ற கடிதம், பிரதேச செயலகத்தின் மேலொப்பம். வேலையில் இருக்கும்போது இதற்கு ஆபிஸ் கிளார்க் உதவுவார். பேர் வெட்டிய பிறகு போனால் "அந்தப் பழைய புத்தகம் இங்க இல்ல" என்ற பதில் வரும்.

அடுத்து வயது. பழைய அடையாள அட்டை இலக்கத்தின் முதல் இரண்டு எண் பிறந்த வருடம். அடுத்த மூன்று எண் வருடத்தின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டியிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் கணக்கு. 1965 ஜூலை 10 பிறந்த ஆணுக்கு 65192 என்று தொடங்கும், பெண்ணுக்கு 65692. இந்தக் கணக்கைப் போட்டுப் பிறப்புச் சான்றிதழோடு ஒப்பிடுங்கள். இரண்டு வருடம் கூடப் பதிந்திருந்தால் இரண்டு வருடம் முன்னதாகவே அனுப்பிவிடுவார்கள். குறைத்துப் பதிந்திருந்தால் உடம்பு முடியாமல் போன பிறகும் மலை ஏற வேண்டும், முதியோர் கொடுப்பனவும் அத்தனை வருடம் தள்ளிப்போகும்.

பிறப்புச் சான்றிதழே இல்லாதவர்கள் நம்மில் ஏராளம். 1948இல் பிரஜாவுரிமை போய், 1964 ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கா இலங்கைக்கா என்று பங்கு போடப்பட்டு, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை நாடில்லாமல் நின்ற குடும்பங்களில் கடதாசி எப்படி ஒழுங்காக இருக்கும்? அப்படிப்பட்டவர்கள் முதலில் மாவட்டப் பதிவகத்தில் பிறப்புப் பதிவைத் தேடக் கேளுங்கள். பிறந்த தோட்டத்தின் பேரையும் டிவிசனையும் சரியாகக் கொடுக்க வேண்டும். தோட்டம் கைமாறிப் பேர் மாறியிருந்தால் பழைய பேரையும் கொடுக்க வேண்டும். "இல்லை" என்று எழுத்தில் வந்தால் உத்தேச வயதுச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். பள்ளி விடுகைப் பத்திரம், ஞானஸ்நானப் பதிவு, தோட்ட ஆஸ்பத்திரிப் பதிவு, மூத்த பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தாயின் வயது எழுதிய இடம், எல்லாமே சாட்சிதான்.

ஒரு எச்சரிக்கை: ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பதில் போய் வயதைத் திருத்தினால் வேலையை நீட்டத்தான் திருத்துகிறார் என்று சந்தேகப்படுவார்கள். முன்னாலேயே செய்யுங்கள்.

தலவாக்கலை நிலா

பேர் வெட்டும் நாளில் என்னென்ன கேட்டு வாங்க வேண்டும் அக்கா?

கடதாசிக்கட்டு

சேவை முடிந்த கடிதம், வேலையில் சேர்ந்த தேதியும் முடிந்த தேதியும் போட்டு. ஈ.பி.எப் அங்கத்தவர் அட்டை, அதாவது பி அட்டை. கடைசி மூன்று மாதச் சம்பளத் துண்டு. பணிக்கொடைக் கணக்கு எழுதிய தாள். வாய்ப்பேச்சில் ஒன்றையும் விடக் கூடாது.

பிறகு ஈ.பி.எப்புக்கு "கே" படிவம். தொழில் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். ஹட்டன், நுவரெலியா, பண்டாரவளை பக்கம் இருப்பவர்கள் அவரவர் மாவட்ட அலுவலகத்துக்கே போகலாம், கொழும்புக்குப் போகத் தேவையில்லை. பி அட்டை, அடையாள அட்டை, தன் பேரிலேயே உள்ள வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மூன்றும் மூலமும் பிரதியுமாக வேண்டும். மகனின் கணக்கு இலக்கத்தைக் கொடுக்காதீர்கள். ஈ.ரி.எப் வேறு நிதியம், வேறு விண்ணப்பம். ஈ.பி.எப் எடுத்தால் அதுவும் சேர்ந்து வரும் என்று நினைத்து விட்டுவிட்டவர்கள் பல பேர்.

உரித்தாளி (ஆள் இறந்தால் பணம் பெற வேண்டியவர்) பேரையும் பாருங்கள். கலியாணத்துக்கு முந்தி அம்மா பேர் எழுதியது அப்படியே கிடக்கும். ஆள் இறந்த பிறகு வாரிசுகள் "எல்" படிவத்தோடு அலைவதற்கு அதுதான் காரணம்.

படிவம் சிங்களத்தில் நீட்டினால் தமிழில் கேளுங்கள். தமிழில் தொடர்புகொள்ளும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது, யாரும் தருகிற சலுகை இல்லை.

கணக்கு வாத்தியார்

பணிக்கொடையை நான் விளக்குகிறேன். நம்மாட்கள் சர்வீஸ் காசு என்பார்கள். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஐந்து வருடம் நிறைந்திருக்க வேண்டும். நாட்சம்பளக்காரருக்கு நிறைந்த ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம், அதுவும் கடைசியாக வாங்கிய சம்பளக் கணக்கில். தொடக்க காலத்தில் என்ன சம்பளம் வாங்கினார் என்பது தேவையே இல்லை.

1350 ரூபாய் நாட்சம்பளத்தில் 32 வருடம் முடித்தவருக்கு 14 பெருக்கல் 1350, அதாவது 18,900. அதை 32ஆல் பெருக்கினால் 6,04,800 ரூபாய். வேலை முடிந்து 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும். பிந்தினால் பிந்திய காலத்துக்கேற்ப 10 முதல் 30 சதவீதம் வரை மேலதிகக் கட்டணம்.

பிழை நடப்பது சேர்ந்த தேதியில். பதினெட்டு வயதில் மலையில் இறங்கியவரை இருபத்து மூன்றில் பேர் பதிந்ததாகக் காட்டினால் ஐந்து வருடம், 94,500 ரூபாய் போய்விடும். 1992இல் அரசுத் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறின. "எங்கக் கம்பனி வந்தப்புறம்தான் கணக்கு" என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ளாமல், முந்திய சேவைக்குச் சான்று காட்டுங்கள். பழைய ஈ.பி.எப் கூற்று நல்ல சான்று. எந்த வருடத்தில் இருந்து பணம் போயிருக்கிறது என்பதை அது காட்டும்.

கொடுக்காவிட்டால் உதவித் தொழில் ஆணையாளருக்கு எழுத்தில் முறைப்பாடு, பிரதியில் தேதி முத்திரை. அவர் தீர்மானித்த தொகையையும் கட்டாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தின் மூலம் தண்டப்பணம் போல அறவிடலாம். தவணை தவணையாகக் கொடுக்கிறோம் என்றால் தவணைத் தேதிகளை எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் சம்மதிக்க வேண்டும்.

ஊவாக் காற்று

ஆறு லட்சம் கையில் வந்தால் ஆறு மாதத்தில் காணாமல் போகிறதே. கலியாணம், வேன் லீசிங், பழைய வட்டிக்கடன்.

கணக்கு வாத்தியார்

அதில் வயதானவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். வேலை 60இல் நிற்கிறது. அரசாங்கத்தின் முதியோர் கொடுப்பனவு 70இல்தான் தொடங்குகிறது, அதுவும் வறுமைப்பட்டவருக்கு மட்டும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் அதை 3,000இல் இருந்து 5,000 ரூபாயாக உயர்த்தினார்கள். நடுவில் பத்து வருடம், 120 மாதம். அந்த 6,04,800 ரூபாயை 120ஆல் வகுத்தால் மாதம் 5,040 வரும். முப்பத்திரண்டு வருடச் சேவைக்கு மாதம் ஐயாயிரம்! ஈ.பி.எப் மிச்சம் இருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

ஆகவே காசு வருவதற்கு முன்பே பிரித்து வைப்பது நல்லது. மருந்துக்கும் சாப்பாட்டுக்கும் என்று பாதியையாவது அவர் பேரிலேயே நிலையான வைப்பில் போட்டு, மாத வட்டி சேமிப்புக் கணக்கில் விழும்படி எழுதிக் கொடுக்கலாம். அறுபது தாண்டியவர்களுக்கு வட்டி கூடுதலாக உண்டா என்று வங்கியில் கட்டாயம் கேளுங்கள். ஏ.ரி.எம் அட்டையை இன்னொருவர் கையில் கொடுப்பதை விட அட்டையே எடுக்காமல் புத்தகக் கணக்காக வைப்பது பாதுகாப்பு. ஓய்வுபெற்ற மாதத்தில் யாருடைய கடனுக்கும் பிணை நிற்கக் கூடாது.

சட்டக்கோவை

அஸ்வெசும, அதாவது அரசாங்கத்தின் வறுமை நிவாரணக் கொடுப்பனவு பற்றி ஒரு வரி. ஒரு லயக்காம்பிராவில் இரண்டு குடும்பம் இருந்தால் கணக்கெடுப்பில் ஒன்றாகச் சேர்த்துவிடுகிறார்கள். மகனின் வருமானம் கிழவியின் தலையில் ஏறி அவர் தகுதி இழக்கிறார். தனி அடுப்பு என்றால் கணக்கெடுக்கும் நாளிலேயே சொல்லித் தனியாகப் பதிய வையுங்கள். தவறினால் பிரதேச செயலகத்தில் மேன்முறையீடு.

காமன்பொட்டல்

எல்லோரும் காசும் கடதாசியும் எழுதிவிட்டீர்கள், நல்லது. வீட்டுக்குள் நடப்பதையும் எழுத வேண்டும்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டப்படி, தங்களைப் பராமரிக்க வழியில்லாத பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்று கைவிடக் கூடாது. கைவிட்டால் பெற்றோர் பராமரிப்புக் கேட்டு அச்சட்டத்தின் கீழ் உள்ள சபைக்கு விண்ணப்பிக்கலாம். மாதம் இவ்வளவு கொடு என்று அது கட்டளையிடும். அதற்கு முன்னால் பிரதேச செயலகத்தில் முதியோர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரைப் பாருங்கள். பல சிக்கல்கள் அவர் இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவதிலேயே தீரும். அறுபது நிறைந்தவர்களுக்கு முதியோர் அடையாள அட்டையும் அங்கேதான்.

சட்டத்தை விட வலுவான ஒன்றும் நம்மிடம் இருக்கிறது. மாசி மாதம் காமன் கூத்துக்குக் கம்பம் ஊன்றும்போது, ரதி மதன் பாட்டின் வரிசை தெரிந்த வாத்தியார் இல்லாமல் ஓரடி எடுக்க முடியாது. தப்பு மேளம் எந்த இடத்தில் எந்த அடிக்கு மாற வேண்டும் என்பது தாளில் எழுதியிருக்கவில்லை, அவர் விரலில் இருக்கிறது. அந்த ஒரு மாதம் அவருக்கு முன்னால் எல்லோரும் கைகட்டி நிற்கிறார்கள். கூத்து முடிந்ததும் அதே ஆள் வாசல் திண்ணையில் பிளேன்டீக்குக் காத்திருக்கிறார். பங்குனியில் இருந்து தை வரைக்கும் அவருக்கு என்ன இடம் என்று ஒவ்வொரு லயமும் யோசிக்க வேண்டும். கோயில் கமிட்டியிலும் தோட்ட மாதர் சங்கத்திலும் அறுபது தாண்டிய இரண்டு பேருக்கு இருக்கை எழுதி வைப்பதில் இருந்து தொடங்கலாம். மரியாதைக்காக மேடையில் உட்கார வைப்பதைச் சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கும் உரிமையோடு.

தலவாக்கலை நிலா

ஒரு கடைசிக் கேள்வி. எழுத வாசிக்கத் தெரியாதவர்கள் "கே" படிவத்தில் கைநாட்டு வைக்கலாமா? விரல் ரேகை தேய்ந்து சரியாக விழுவதில்லை என்று திருப்பி அனுப்புகிறார்களாம். கொழுந்து எடுத்த கையில் ரேகை எங்கே இருக்கும்?

கடதாசிக்கட்டு

வைக்கலாம். பக்கத்தில் யாருடைய விரல் அடையாளம் என்று எழுதி, சாட்சி ஒருவர் கையெழுத்திட வேண்டும். அலுவலகத்தில் உத்தியோகத்தர் முன்னிலையிலேயே வைப்பது நல்லது. வீட்டில் வைத்துக்கொண்டு போனால் திரும்ப வைக்கச் சொல்வார்கள்.

ரேகை விழ, போகிற நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்து கொழுந்துக் கறையைத் தேசிக்காயால் தேய்த்துக் கழுவி, இரவில் தேங்காயெண்ணெய் பூசி வாருங்கள். அன்றைக்கு எண்ணெய் வேண்டாம். சுடுதண்ணீரில் கழுவி நன்றாகத் துடைத்து, மை குறைவாகத் தொட்டு, அழுத்தாமல் ஒரு பக்கத்தில் இருந்து மறுபக்கத்துக்கு உருட்டி வைக்க வேண்டும். மை கூடினால் கறுப்பு வட்டம்தான் விழும். காலையில் குளிரில் விரல் விறைத்திருக்கும், பத்து மணிக்குப் பிறகு போவது நல்லது. திரும்பி வர பஸ் காசும், மூலப் பத்திரங்களைத் திரும்ப வாங்கிக்கொள்ள நினைப்பூட்ட கூட ஓர் ஆளும் இருக்கட்டும்.